நூற்றுக்கு நூற்றெட்டு

மானிப்பாய், 17 பெப்ரவரி 1988, புதன்

கப்பித் தொகுதியின் வினைத்திறன் நூற்றுக்கு நூற்றெட்டு என்று சுகந்தி எழுதியிருந்தாள். கொடுத்ததைவிடக் கூடுதலான வேலையை எந்தப் பொறியும் தராது. "அளக்காமல் எழுதினனியோ?" என்று வகுப்பில் ஏசினேன்.

"அளந்துதான் எழுதினனான், ரீச்சர்," என்றாள். அழவில்லை.

பிறகு நானே அளந்தேன். அதே விடைதான். சுமையாகத் தூக்கிய ஐந்து கிலோ எடைக்கல்லைத் தராசில் வைத்தேன். நாலு கிலோதான் இருந்தது. அடியைக் குடைந்து உள்ளே இருந்த ஈயத்தை யாரோ எடுத்திருக்கிறார்கள்.

ஆய்வுகூடச் சாவி என்னிடமும் உதவியாளர் சிவலிங்கண்ணையிடமும் மட்டுமே உண்டு.

"துருப்பிடிச்சிருக்கும், ரீச்சர்," என்றார் அவர்.

துரு ஒரு கிலோவைத் தின்னுமா? துப்பாக்கிக் குண்டு வார்க்கிற ஈயம் இப்போது யாருக்குத் தேவை என்பதை இங்கே எழுதவும் பயமாக இருக்கிறது.

சுகந்தியிடம் நாளை மன்னிப்புக் கேட்க வேண்டும். சிவலிங்கண்ணையிடம் நான் சாவியைக் கேட்கவில்லை. அவராகவே அதை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.