மில்லுக்குப் போகிறவன் எந்தத் தேசம்?

2 ஆகஸ்ட் 1948

ஓட்டர் லிஸ்ட் எழுத விழுப்புரத்திலிருந்து கோதண்டபாணி என்றொரு குமாஸ்தா வந்திருந்தார். பண்ணைக்காரர் சுப்பராயலு போட்ட நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்தார். எழுந்து போய்விட்டார். எங்கள் சேரிக்குள் காலே வைக்கவில்லை.

"அவங்கள்லாம் புதுச்சேரி மில்லுக்குப் போறவங்க. பிரெஞ்சுக்காரங்க. எழுத வேணாம்" என்றாராம் சுப்பராயலு.

என் வீட்டுக்காரர் தேவசகாயம் பிரெஞ்சுக்காரர். கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுக் கண்டமங்கலம் ரோட்டில் சைக்கிள் மிதிக்கிற பிரெஞ்சுக்காரர். மேஸ்திரி திட்டுகிற நாலு வார்த்தையைத் தவிர அந்தப் பாஷையில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

5 ஆகஸ்ட்

சுப்பராயலு ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றைக்குத் தெரிந்தது. அந்நிய தேசத்தாருக்கு இங்கே மனை எதற்கு என்று மணியக்காரரிடம் கேட்டிருக்கிறார். எங்கள் குடிசைகள் இருக்கும் மேடு அவருக்கு மல்லாட்டைக் கடலை காயப்போட வேண்டுமாம்.

போன வருஷம் கொடியேற்றி, நாமெல்லாம் ஒரே தேசம் என்று தொண்டை கட்டுகிற வரை பேசியவர் இதே சுப்பராயலுதான். வேலிக்கு வெளியே நின்று கேட்டோம். தேசம் ஒன்று. கிணறு மட்டும் வேறு.

9 ஆகஸ்ட்

நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு விழுப்புரம் போனேன். தாலுகா ஆபீசில் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"ராத்திரி எங்கம்மா படுக்கறீங்க?"

"இங்கதாங்க. பொறந்ததிலேர்ந்து."

"அப்பறம் என்ன? வேலைய எங்க செஞ்சா என்ன? திரும்ப ஆள் அனுப்பறேன்."

அடுத்த மேஜையில் கோதண்டபாணி. தலையைத் தூக்கவே இல்லை.

21 செப்டம்பர்

ஆள் வரவில்லை.

25 அக்டோபர்

நேற்று புதுச்சேரியில் முனிசிபல் எலெக்‌ஷன். ஓட்டுச்சாவடி வாசலில் சரிகை அங்கவஸ்திரத்தோடு சுப்பராயலு வரிசையில் நின்றதை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். ஓட்டும் போட்டாராம். அங்கே அவருக்கு இரண்டாவது குடும்பம், மாடி வீடு. அங்கே பிரெஞ்சுக்காரர், இங்கே எங்கள் ஊர் லிஸ்டில் முதல் பேர். ஒரு உடம்புக்கு இரண்டு தேசம். எங்களுக்கு ஒன்று கேட்டால் குற்றம்.

17 நவம்பர்

குமாஸ்தா நாளை வருகிறாராம். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க உத்தரவு. அங்கே குடியிருக்கிறவர் பேர் இங்கே லிஸ்டில் இருக்கக் கூடாதாம். சாயங்காலம் சுப்பராயலு எங்கள் தெருவுக்குள் வந்தார். என் ஆயுசில் முதல் தடவை. செருப்பைச் சேற்றில் வைக்க மனசில்லாமல் ஒரு காலில் நின்றார்.

"டீச்சரம்மா, நான் இந்த ஊருதான்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. மனை பேச்ச விட்டுர்றேன்."

அம்மாவாம். நேற்று வரை 'ஏ பூமாலை'.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் பயந்துபோனார். "சொல்லிடு. இங்கயே இருந்துக்கினு அவர பகைச்சிக்க முடியுமா?"

முடியாதுதான். அதுக்காக? பொய் சொல்லணுமா? எனக்குத் தூக்கம் வரவில்லை.

18 நவம்பர்

கோதண்டபாணி எங்கள் தெருவில் நின்றுகொண்டே எழுதினார். என் பேர், இவர் பேர், எல்லார் பேரும். பக்கத்து வீட்டு முனியம்மாள், மாரியப்பன் பெண்சாதி என்று மட்டும் எழுதச் சொன்னாள். நான் அதட்டி அவள் பேரைச் சொல்ல வைத்தேன்.

"சுப்பராயலு எங்க இருக்காரு?" என்று கடைசியில் கேட்டார்.

"வெதைக்க, அறுக்க வருவாருங்க. மத்த நாளு புதுச்சேரி. போன மாசம் அங்க ஓட்டு போட்டாருங்க" என்றேன்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவரும் மெதுவாக, "ஆமாங்க, நானும் பாத்தேன்" என்றார்.

11 ஜனவரி 1949

சுப்பராயலு நிலத்தில் மல்லாட்டை பறிக்க எங்கள் தெருவில் ஒருவரையும் கூப்பிடவில்லை. பெண்கள் விடிவதற்கு முன்னே கண்டமங்கலம் தாண்டி வேலை தேடிப் போனார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாரும் எங்கள் குடிசை மேட்டுக்கே திரும்பி வந்து உலை வைத்தார்கள்.