ஏலக்காய் ஸ்டோரில் ஒரு வெப்பச் சோதனை

ஐப்பசி, வெள்ளி இரவு.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். துகள் முடுக்கியின் குழாயில் ஓடும் கற்றையை அளக்கும் கருவிகளை மைத்துனனின் பட்டறையில் நான்தான் சோதிக்கிறேன். வெப்பச் சோதனைக்கு அவனுடைய ஸ்டோர்தான், ஏலக்காய் உலர்த்தும் சூட்டறை. இன்று சூட்டில் ஒரு கருவியின் அளவு தவறியது. ஆறவிட்டு எடுத்த அளவைச் சூட்டில் எடுத்ததாக எழுதச் சொன்னான்.

"இது தப்பா காட்டுனா அங்க கற்றை விலகிப் பட்டு குழாயே பொத்துப்போகும்டா."

"காலையில லோடு போகணும் மச்சான், வெரசா கையெழுத்தப் போடுங்க. ஏலக்கா வாசத்துல மெஷினு மயங்கியா விழப்போகுது?"

பட்டறையே சிரித்தது. நான் பேனாவைத் தொடவில்லை.

"அக்காகிட்ட பேசட்டுமா?" என்றான்.

அவன் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறோம். போட்டேன்.

கருவியை வாங்கும் ஆய்வுக்கூடத்துக்கு நடந்ததை இரண்டு வரியில் எழுதி உறையில் வைத்துவிட்டேன். காலையில் தபாலில் சேர்ப்பேன். பொய்க்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. உண்மைக்குப் போடப்போவதில்லை.