வாணி கொண்டையை அவிழ்த்தாள்

செவ்வாய்க்கிழமை, இரவு பத்தரை.

அமீர்பேட் வகுப்பில் இன்று முடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை எடுத்தேன். சிங்கத்தின் பிடரி மயிருக்கு ‘மேன்’ (mane), செம்மறியாட்டுக்கு ‘ஃப்ளீஸ்’, பெண்களின் கூந்தலுக்கு ‘ட்ரெஸ்ஸஸ்’ என்று போர்டில் எழுதினேன். மனுஷத் தலைக்கு ‘மேன்’ என்றால் அதில் பாதி கேலிதான் என்றும் அடித்துச் சொன்னேன்.

கடைசி பெஞ்சிலிருந்து வாணி எழுந்தாள். ஆம்பூர்க்காரி. பட்டான்செருவில் மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை. தொழிற்சாலைத் தொப்பிக்குள் அடங்குவதற்காக இறுக்கிச் சுற்றிய கொண்டையோடுதான் வகுப்புக்கும் வருவாள்.

“டீச்சர், என்னோடது எதுல வரும்?” என்று கேட்டுக் கொண்டையை அவிழ்த்தாள்.

அது விழுந்துகொண்டே இருந்தது. முழங்காலையும் தாண்டித்தான் நின்றது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

“மேன்” என்றேன், கேலி என்று சொன்ன அதே வாயால்.

அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். “வெள்ளிக்கெழம திருப்பதில குடுத்துருவேன் டீச்சர். பையனுக்கு டெங்கு வந்தப்ப வேண்டிக்கிட்டது. அதான், குடுக்கறதுக்கு முன்னாடி பேரத் தெரிஞ்சுக்கலாம்னு.”

காலையில் சீப்போடு வந்த நாலு முடிக்காக இந்த ஊர் போர் தண்ணீரைத் திட்டித் தீர்த்தேன். அவளும் அதே தண்ணீரில்தான் தலைக்குக் குளிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வரைக்கும்.