மாறுறன் என்றீர்கள்

இன்று காலை உங்கள் தம்பி வயர்லெஸ் செட்டைக் கழற்ற வந்தார். மேசைக்குக் கீழே இருந்த பற்றரியை அவர் இழுத்ததும் அதன் தண்ணீர் சிந்தி, அந்தப் புளித்த நெடி குசினி வரைக்கும் வந்தது. கடலுக்குப் போகுமுன் நீங்கள் குந்தியிருந்து பற்றரியைத் திறந்து பார்ப்பீர்களே, அப்போது உங்கள் சாரத்தில் ஒட்டிக்கொள்ளும் அதே நெடி. அந்தத் தண்ணீர் பட்டு ஓட்டை விழாத சாரம் உங்களிடம் இருந்ததே இல்லை. கையிலிருந்த அகப்பையோடு ஓடிவந்து, "அதில கை வையாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

"மச்சாள், கேட்டது காணும். மீனவர் சங்கத்துக் கொட்டிலில செட் பழுதாப் போச்சு. இதை அங்க வச்சா பத்துப் பேர் கேப்பாங்க. இஞ்ச நீங்க மட்டும் கேட்டுக் கேட்டு உருக்குலைஞ்சு போறீங்க," என்றார். பாவம், என் முகத்தைப் பார்க்க முடியாமல் வயரைப் பார்த்துக்கொண்டுதான் அதையும் சொன்னார்.

அவர் சொன்னது பொய்யில்லை. நான் இன்னும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கல்குடாவில் முதன்முதலாக, செட்டுக்கென்று வீட்டுக் கூரைக்கு மேலே இரும்புக் கம்பம் நட்டவர் நீங்கள். இடி விழப்போகுது என்று நான் ஏசினேன். கடலுக்குள் கொஞ்சத் தூரம் போனதும் கைபோன் செத்துவிடும், இது சாகாது என்றீர்கள். முதல் நாள் நீங்கள் கடலிலிருந்து கூப்பிட, நான் பொத்தானை அமத்திப் பிடித்தபடி வீட்டுக் கதை முழுவதையும் சொல்லி முடித்தேன். கோழி அடை வைத்ததைக்கூட விடவில்லை. கடைசியில் களைத்துப்போய் விரலை எடுத்தபோதுதான் உங்கள் சிரிப்புக் கேட்டது. "விரலை எடு புள்ள! நீ அமத்திக்கொண்டிருந்தா நான் எப்பிடிக் கதைக்கிற?"

அதுக்கு மறுகா உங்களுக்குப் பார்க்கும் இடமெல்லாம் வயர்லெஸ்தான். ஓட்டமாவடி அரிசி ஆலையில் ஒருவர் கையில் செட்டோடு லொறிகளை உள்ளே அழைப்பதைக் கண்டுவிட்டு வந்து சொன்னீர்கள். வயல் வட்டைக்குள் யானை இறங்கினால் காவல்காரர்கள் வரம்புக்கு வரம்பு செட்டில் கூப்பிட்டு விரட்டுவதைச் சொன்னீர்கள். இறால் பண்ணையில் தண்ணீர் கெட்டால் முதலாளியின் போனுக்குத் தகவல் வருமாம். அம்புலன்ஸ் வருமுன்பே ஆஸ்பத்திரிக்கு நோயாளியின் நிலைமை போய்விடுமாம். "கம்பி இல்லாமலே ஊர் முழுக்கக் கதைக்குது புள்ள," என்று சோற்றில் கைவைத்தபடி வாய் ஓயாமல் சொல்வீர்கள். சோறு ஆறிப்போகும். எனக்கு எரிச்சல் வரும். இப்போது ஆறின சோற்றைப் பார்த்தாலே அழுகை வருகிறது.

ஆனால் உங்கள் ஆட்களின் கள்ளப்புத்தியும் அந்தச் செட்டுக்குள் புகுந்துகொண்டது. எல்லாப் படகும் கேட்கும் பொதுச் சனல் ஒன்று செட்டில் இருக்க, மீன் பட்ட இடம் அடுத்தவனுக்குத் தெரியக்கூடாது என்று ஒவ்வொரு குடும்பமும் தனிச் சனல் வைத்துக்கொண்டது. எங்கட சனலை நீங்கள் என் காதுக்குள்தான் சொன்னீர்கள், ஏதோ நகை ஒளித்த இடம் மாதிரி. உங்கள் படகு, தம்பியின் படகு, நம் வீடு. வேறு ஒரு குருவிக்கும் தெரியாது.

நீங்கள் கடைசியாகப் போன அன்று, கூடப்போகிறவருக்குக் காய்ச்சல். நீங்கள் தனியே போனீர்கள். விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எங்கட சனலில் உங்கள் குரல் வந்தது. "புள்ள, தண்ணி ஏறுது. பம்ப் வேலை செய்யுதில்ல." தம்பி அப்போது துறையில் மீன் இறக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சனலில் என்னைத் தவிர உங்களைக் கேட்க ஒருவரும் இல்லை. "பொதுச் சனலுக்கு மாறுங்க, அங்க ஆக்கள் நிப்பாங்க," என்றேன்.

"மாறுறன்," என்றீர்கள்.

நானும் மாற்றினேன். அங்கே மாங்கேணிக்காரர்கள் மீன் விலை கதைத்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் குரல் வரவில்லை. நான் அழுது சொன்னதும் வலையை அப்படியே விட்டுவிட்டுத் தேடப்போனார்கள். படகும் இல்லை, ஆளும் இல்லை. மீன்பிடிக் கந்தோரில் பெரிய படகெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாக ஓடுகின்றன. நம் சின்னப் படகில் அப்படிப் புள்ளி காட்டும் பெட்டி இல்லை. "இல்லாத புள்ளிய நான் எங்க அம்மா தேடுற?" என்று கந்தோர் ஐயாவே கண் கலங்கினார்.

நீங்கள் மாறினீர்களா? மாறப் போன கை நனைந்து வழுக்கியதா? மாறாமலே நின்று, நான் இல்லாத சனலில் என்னைக் கூப்பிட்டீர்களா? இதைத்தான் கேட்டுக்கேட்டுச் சாகிறேன். பொதுச் சனலில் கொஞ்ச நேரம் கேட்பேன். மனம் கேளாது, எங்கட சனலுக்கு மாற்றுவேன். அங்கே இருக்கும்போது நீங்கள் இங்கே கூப்பிடுகிறீர்களோ என்று திரும்ப மாற்றுவேன். பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

இன்று நான் கத்தியபிறகும் தம்பி போகாமல் முற்றத்தில் நின்றுகொண்டே இருந்தார். கொட்டிலில் வைத்தால் பொதுச் சனலை மட்டும்தான் கேட்பார்கள். எங்கட சனல் ஆளில்லாமல் போய்விடும். அதைச் சொன்னபோது அவரும் அழுதார். "அப்ப நீங்களே வந்து ஒருக்காக் கூப்பிடுங்க மச்சாள். எல்லாரும் கேக்கட்டும்," என்றார்.

தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, செட்டை நானே மடியில் வைத்துக் கொட்டிலுக்குக் கொண்டுபோனேன். பின்னேரம், படகுகள் வெளியில் நிற்கும் நேரம், பொதுச் சனலில் பேசினேன். நீங்கள் காதுக்குள் சொன்ன அந்தச் சனலை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். கோவிக்க வேண்டாம். "எல்லாரும் அதுக்கு மாறுங்க. ஒருக்காக் கேளுங்க. என்ட மனுசன் அதிலதான் கடைசியாக் கதைச்சவர்," என்றேன்.

பிறகு நானும் மாற்றினேன். உள்ளே ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு குரல், "மாங்கேணிப் போட், மாறிட்டம் அக்கா." இன்னொன்று, "நாங்களும் மாறிட்டம்." பெரியகல்லாற்றுக்காரர்கூட ஒருவர், தூரத்திலிருந்து, "மாறிட்டன் புள்ள," என்றார். கொட்டிலில் நின்றவர்கள் தலையைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

உங்கள் பெயரைச் சொன்னேன். வீட்டில் எல்லோரும் சுகம் என்றேன். இந்தமுறை அதிகம் கதைக்கவில்லை.

எல்லோரும் மாறிவிட்டார்கள். நீங்கள் ஒருவர்தான் மிச்சம். நான் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.