மூன்றாவது மாடி வரை ஏறிய ரங்கூன் மல்லி

கெலாங் பாத்தா,
ஞாயிறு மாலை

அன்பு மகள் மிஷேலுக்கு,

அம்மா எழுதுகிறேன். கொஞ்சம் பிரஷர் இருப்பதைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் மாதாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். போனில் பேசினால் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பாதிதான் உன் காதில் விழுகிறது, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன், அண்ணன் ரொனால்ட் தபாலில் போட்டுவிடுவதாகச் சொன்னான். அவனும் உன் அண்ணி அமண்டாவும் நன்றாக இருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவை வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று சோதனை போட்டுவிட்டுப் போகிறார்கள். இந்த வருஷ வெயிலைப் பற்றிச் சொல்லி முடியாது. மழை வந்தாலும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் தரையிலிருந்து ஆவி கிளம்புகிறது. வெயில் என்றதும்தான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன், நம் ரங்கூன் மல்லி மறுபடியும் ஜன்னலுக்கு வந்துவிட்டது.

அந்தக் கொடி வந்த கதை உனக்கு முழுதாகத் தெரியாது, அப்போது நீ தடிக்காவில் பாலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த சின்னப் பிள்ளை. அப்பாவுக்கு சிங்கப்பூர் துவாஸில் இரவு வேலை. விடிந்த பிறகு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கும்போது அறை நன்றாகத்தான் இருக்கும். மதியத்துக்கு மேல் மேற்கு வெயில் அந்த அறைச் சுவரில் நேராக இறங்கும், உள்பக்கம் கை வைத்தாலே தோசைக்கல் மாதிரி சுடும். காத்தாடி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசும். ஏர்கோன் காற்று பட்டால் அவருக்கு மூக்கடைத்துக்கொள்ளும். தலையணையைத் தூக்கிக்கொண்டு சமையலறைத் தரைக்கு வருவார், நான் பாத்திரம் வைக்கிற சத்தத்தில் எழுந்து ஹாலுக்குப் போவார், அங்கே நீயும் ரொனால்டும் சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். இப்படித் தூக்கம் கெட்டுக் கெட்டு ஒருநாள் வேலைக்குப் போகும்போது மோட்டாரிலேயே கண் அசந்து, ரோட்டோரப் புல்லில் விழுந்து, முழங்கை தோல் உரிந்து திரும்பி வந்தார். “ஒண்ணுமில்ல ஐலீன், ஒரு செகண்டுதான் கண்ணு சொக்கிருச்சு” என்றார். அந்த ஒரு செகண்டில் பின்னால் ஒரு லோரி வந்திருந்தால் என்று நினைத்து நான் ராத்திரி முழுக்க செபமாலையைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் கீழே துணி காயப் போடும் இடத்தில் இதைச் சொல்லி நான் அழுதபோது பக்கத்தில் நின்றவர் கீழ்வீட்டுக் கிருஷ்ணம்மா பெரியம்மாதான். அவர் அண்ணாந்து நம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே பெக்கான் நானாஸில் இருக்கும் தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு மைலோ டின்னில் கன்றோடு வந்தார். நம் ஃப்ளாட்டில் மண் இருப்பது கீழ்வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தானே, தன் மிளகாய்ச் செடிகளைப் பிடுங்கிவிட்டு நம் ஜன்னலுக்கு நேர் கீழே அதை நட்டார். “கயிறு மட்டும் கட்டிக் குடுங்க, ஏறுறத அது பாத்துக்கும்” என்றார். அப்பா வேலையிடத்திலிருந்து பச்சைக் கயிறு கொண்டுவந்து, நடு மாடிகளில் இருந்த இரண்டு வீட்டிலும் அனுமதி கேட்டார். முதல் மாடி மலாய் டீச்சர், பாம்பு வராதே என்று மட்டும் கேட்டாராம். அதற்கு மேல்வீட்டுச் சீனப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, கயிற்றை வாங்கித் தன் ஜன்னல் கம்பியில் தானே முடிச்சுப் போட்டுக்கொடுத்தார்.

கொடி மேலே வந்து சேர ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆனது. முதல் மாடியைத் தொட்டதும் டீச்சர் வீட்டில் பூ, இரண்டாவது மாடியைத் தொட்டதும் சீனப் பெரியவர் வீட்டில் பூ, நமக்கு எப்போது என்று நீ தினமும் ஜன்னலில் தொங்குவாய். வந்த பிறகு அந்த அறையே வேறு அறையாகிவிட்டது. சுவர் சுடவில்லை. மதியம் மூன்று மணிக்குக்கூட உள்ளே பச்சையாக ஒரு வெளிச்சம், இலைகளுக்குள் புகுந்து வருகிற காற்று. அப்பா குறட்டை விட்டுத் தூங்குவார், நான் வாசலில் நின்று அந்தக் குறட்டையைக் கேட்பேன், எனக்கு அப்போது அதைவிடப் பெரிய நிம்மதி எதுவும் இல்லை. நீ ஸ்கூல் விட்டு வந்ததும் சத்தமில்லாமல் உள்ளே போய், அவர் முதுகில் ஆடுகிற இலை நிழலை விரலால் கோடு போடுவாய், நினைவிருக்கிறதா? அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பூ வெள்ளையாக விரியும், திரும்பி வரும்போது ரோஸ் ஆகியிருக்கும், அதற்கு அடுத்த நாள் நல்ல சிவப்பு. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே நின்று ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுவார். அத்தனை வருஷமும் தண்ணீர் ஊற்றியது, கரையான் பார்த்தது, காய்ந்த கிளையைக் கழித்தது எல்லாம் பெரியம்மாதான்.

அப்பா போன பிறகு நீ வந்திருந்தபோதும் கொடி இருந்தது. போன வருஷம் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுவிட்டார்கள். பெரியம்மா அடித்தண்டை மட்டும் விடச் சொல்லி அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாராம். நான் தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை. பகலில் தூங்க ஆள் இல்லாத வீட்டுக்கு நிழல் எதற்கு என்று தோன்றியது. அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டேன். தண்டு துளிர்த்துவிட்டது, கயிறு கட்டலாமா என்று பெரியம்மா கீழேயிருந்து இரண்டு மூன்று தடவை கேட்டார், வேண்டாம் அக்கா, போதும் என்று சொல்லிவிட்டேன். ஒருநாள் மதியம் கதவு தட்டுகிற சத்தம், திறந்தால் பெரியம்மா. அந்த முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். தண்ணீர் குடித்துவிட்டு, அந்த ரூமைப் பார்க்கணும் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இத்தனை வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் காலே வைத்ததில்லை. “பகல்ல ஆம்பள படுத்திருக்குற ரூமுக்குள்ள எப்படி வர்றது? அப்புறம் முட்டி வலி வந்துருச்சு, ஏறவே இல்ல” என்றார். கதவைத் திறந்தேன். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி இருந்தது. சுவரில் உள்ளங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். “ஐயோ, இந்தச் சூட்டுலயா அந்த மனுசன் படுத்துக்கெடந்தாரு” என்று கேட்டு, கட்டிலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “நான் ஊத்துன தண்ணி இங்க என்னா செஞ்சுச்சுன்னு எனக்கும் பாக்கணும்லா ஐலீன்” என்றார். அதற்கு மேல் நான் எப்படி வேண்டாம் என்பேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமையே ரொனால்ட் வந்தான். கொடி சுவரில் உரசக் கூடாது, ஈரம் பிடிக்கும் என்று ஃப்ளாட் கமிட்டி சொன்னதால், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இரும்புக் கம்பி அடித்துக் கயிறு கட்டினான். பழைய வேர் அல்லவா, என்ன வேகம் என்கிறாய், ஒரு மழைக்கு ஒரு மாடி ஏறுகிற மாதிரி இருந்தது. நான் தினமும் எட்டிப் பார்த்துக் கீழே குரல் கொடுப்பேன், பெரியம்மா அண்ணாந்து கை காட்டுவார். போன மாதம் ஜன்னலை மூடிவிட்டது. சுவர் ஆறி, அறை பழையபடி ஆனதும் நானே கீழே போய், ஒவ்வொரு படியிலும் நிறுத்தி நிறுத்திப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நல்ல உச்சி வெயில் சாய்ந்த நேரம். உள்ளே வந்து ஜன்னல் பக்கம் நின்று ஒரு இலையை விரலால் தடவினார். கொஞ்சம் படுங்கள் அக்கா என்றேன், அப்பா படுக்கிற பக்கத்தில் தயங்கித் தயங்கிச் சாய்ந்தவர், நான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வருவதற்குள் தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை, ஹாலில் டிவியைக்கூடப் போடவில்லை. ரொம்ப நேரம் கழித்துத் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, “ஐலீன், மழை இருட்டிக்கிட்டு வருதா? கீழ துணி காயுதே” என்று பதறினார். நான் அவர் கையைப் பிடித்து ஹால் ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வெளியே கார் கூரையெல்லாம் பளபளவென்று கண் கூசுகிற வெயில். பெரியம்மா வெயிலைப் பார்த்தார், திரும்பி அந்த அறையைப் பார்த்தார், வாயில் கை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

பாஸ்போர்ட் இந்த வருஷம் முடிகிறது, கடைசி நேரம் வரை வைத்திருக்காமல் புதுப்பித்துவிடு. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. ஆண்டவர் உன் போக்கிலும் வரவிலும் கூடவே இருப்பார், நீ தொடுகிற நோயாளிகள் எல்லாருக்கும் உன் கையால் சுகம் கிடைக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஐலீன் மரியநாதன்