சொட்டு மருந்து போடுவாங்களாம்

ரீத்தா,

நீ பாசார்லேர்ந்து வர்றதுக்குள்ள கிளம்பிட்டேன். பிரிக்பீல்ட்ஸ்ல கண் செக்அப். நீ ஒரு வருஷமா சொன்னதுதான்.

நேத்து சர்ச்ல வாசகம் வாசிக்கும்போது தடுமாறிட்டு, நீ தப்பான பக்கத்தைக் காட்டினதா எல்லார் முன்னாடியும் சொன்னேன். அது பொய். எனக்கு அந்தப் பொடி எழுத்தே கண்ணுக்குத் தெரியல. சனிக்கிழமையானா உன்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பேனே, அதை மனப்பாடம் பண்ணித்தான் மறுநாள் ஒப்பிச்சேன். நேத்து ஃபாதர் வேற வாசகத்தைக் குடுத்துட்டாரு.

மீன் குழம்பு அடுப்புல இருக்கு, சாப்பிடு. சொட்டு மருந்து போட்டா சாயங்காலம் வரைக்கும் கார் ஓட்டக்கூடாதாம், அதனால ரயில்ல போறேன். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல.

பெலிக்ஸ்

இடமில்ல, ஓரத்துல எழுதுறேன். மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறியா? கண்ணு மங்கலா இருக்கும், நீ பக்கத்துல நின்னாலும் அடையாளம் தெரியாது. குரல் குடு லா. திட்டினாலும் பரவால்ல.