தங்கமான மனுஷி

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

அனுபவத்துக்காகத் தொண்டு நிறுவனம் ஒன்றில் சம்பளமில்லாமல் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன் அல்லவா? நான் விண்ணப்பித்த கம்பெனி, என்னைப் பற்றி விசாரிக்க நேற்று அங்கே போன் செய்தது. "தங்கமான மனுஷிங்க, எப்பவும் சிரிச்ச முகம், டீகூடப் போட்டுத் தருவாங்க" என்று எங்கள் மேலாளர் என் எதிரிலேயே உருகினார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! போனைப் பிடுங்கினேன்.

"சார், நன்கொடையா வந்த ஓட்டைக் கம்ப்யூட்டரையெல்லாம் ஓட வெச்சது நான். நெட்வொர்க் மொத்தமும் நான் போட்டது. அதைக் கேளுங்க."

"நல்லதுதானேம்மா சொன்னேன்?" என்று மேலாளர் முழித்தார்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். திமிர் பிடித்தவள் என்று நினைத்தால் நினைக்கட்டும். ஞாயிறு மாலை நீயே போன் செய்து, என்ன உடுத்துவது என்று சொல். வேண்டுமானால் கொஞ்சம் திட்டு. இங்கே என்னைத் திட்டக்கூட ஆளில்லை. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகள்